விழுந்தவர்களின் தட்டு

பகடை மேஜையிலிருந்து உருண்டு தரையில் விழுந்துவிட்டால் எல்லோரும் என்ன செய்வார்கள்? எடுத்து மறுபடி உருட்டுவார்கள். அவர் விடமாட்டார். பேண்ட் முழங்காலில் பிளாஸ்டர் தூள் அப்பிக்கொள்ள மண்டியிட்டு, செல்போன் வெளிச்சத்தை மேஜைக்கு அடியில் காட்டி, எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்ப்பார். “ரெண்டு” என்று அடியிலிருந்து குரல் வரும். உருட்டியவர் அவராகவே இருப்பார், வேண்டியது ஆறாக இருக்கும். இருந்தாலும் “ரெண்டு” என்றுதான் குரல் வரும்.

“தரையில வுழுந்தது சேராதுண்ணா, இன்னொருவாட்டி போடுங்க” என்று நான் சொல்லிப் பார்ப்பேன்.

“வுழுந்தது வுழுந்ததுதான்மா” என்பார்.

இந்த வாக்கியத்தை ஆறு வருடம் கேட்டேன். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் வினையாகப் போயிற்று, அதற்கு வருகிறேன்.

நாங்கள் இருவரும் திருப்பதியில் ஒரு பல் லேபில் வேலை பார்த்தோம். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், பல் செட்டும் கேப்பும் நாங்கள் செய்து அனுப்புவோம். உலோகம் உருக்கி ஊற்றுவது, தேய்ப்பது, மெருகு போடுவது அவர் வேலை. நிறம் பார்ப்பது என் வேலை. நீங்கள் வெள்ளை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிற பல்லில், எங்கள் ஷேட் கார்டில் பதினாறு வெள்ளை உண்டு. நான் குடிபாலாவிலிருந்து சித்தூர் வந்து பஸ் மாறுவேன். அவர் சித்தூர்க்காரர். காலை ஏழு மணி திருப்பதி பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் பிடித்து வைத்திருப்பார். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

லேபின் பின்கட்டில் பிளாஸ்டர் மூட்டைகள் அடுக்கிய ஓர் அறை. அங்கே பழைய கதவுப் பலகை ஒன்றைப் படுக்கவைத்து மேஜையாக்கியிருந்தார். அதன் மேல்தான் யுத்தம் நடந்தது. ஒரு பக்கம் வெள்ளைக்காரக் கும்பினிப் படை, இன்னொரு பக்கம் மைசூர்ப் படை. இருநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர்ப்பக்கத்து வயல்களையெல்லாம் மிதித்துக்கொண்டு போன படைகள். ஒவ்வொரு சிப்பாயும் கட்டைவிரலின் மேல்கணு உயரம்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒரு சுற்று ஆடுவோம். ஒரு நாள் அவர் படை நகரும், மறுநாள் என் படை. ஒரு சண்டை முடிய நாலு மாதம் ஆகும். லேப் முதலாளி எட்டிப் பார்த்து, “ஏமண்டி, யுத்தம் அய்ப்போயிந்தா? கேப்லு எப்புடு?” என்று, யுத்தம் முடிந்ததா, கேப் எப்போது வரும் என்று தெலுங்கில் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்.

சிப்பாய்கள் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வருகிற பிளாஸ்டிக் பொம்மைகள். பனியில் சண்டை போட்ட ஐரோப்பியர்கள். அவர்களை எங்கள் வெயிலுக்குப் பழக்குவதில் அவருக்கு இணை கிடையாது. பல்லைத் தேய்க்கிற குட்டி மோட்டாரால் நீளக் கால்சட்டையைச் சீவி வெறுங்கால் ஆக்குவார். தொப்பியை ராவிவிட்டு, பல் செட்டில் ஈறு செய்கிற ரோஸ் நிற அக்ரிலிக்கைப் பிசைந்து, பேனா முனை அளவு எடுத்துத் தலைப்பாகை கட்டுவார். “சிரிக்கிற கிழவிங்களுக்கு ஈறு, இவனுங்களுக்குத் தலப்பா, ரெண்டும் ஒரே மாவுதான்” என்பார். முகத்துக்கு வர்ணம் தீட்ட என்னை இழுத்துவிட்டது அப்படித்தான். எனக்குப் பட்டாளம், பீரங்கி எதிலும் ஈடுபாடு கிடையாது. ஆனால் பதினாறு வெள்ளை பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, அரிசி அளவு முகத்தில் நெற்றி வேறு கன்னம் வேறாகத் தீட்டுவது ஒரு போதை. தீட்டியவளே ஆடட்டும் என்று மைசூர்ப் படையை என் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் ஆட்டத்திலேயே என் சிப்பாய் ஒருவன் செத்தான். நான் அவனை எடுத்து ஓரமாக நிறுத்தினேன். எல்லா ஊரிலும் வழக்கம் அதுதானாம். ஆட்டம் முடிந்ததும் செத்தவர்கள் எழுந்து அடுத்த சண்டைக்கு வந்துவிடுவார்கள். அவர் அவனை என்னிடமிருந்து வாங்கினார். கட்டரை எடுத்து, கணுக்காலில் வைத்து, நறுக்கென்று வெட்டினார். இரண்டு நாள் உட்கார்ந்து நான் முகம் தீட்டியவன் அவன்.

அவர் அவசரமே படவில்லை. வெந்நீரில் முக்கிக் கையை மடக்கினார், முழங்காலைக் கொஞ்சம் ஒடித்தார். பல் அச்சு ஊற்றுகிற மஞ்சள் கல்மாவில் வட்டமாகப் புதிதாக ஓர் அடித்தட்டு வார்த்து, அதில் அவனைக் கவிழ்த்துப் படுக்கவைத்தார். பசை தடவி, டீ வடிகட்டியில் மண்ணைச் சலித்துத் தூவினார். பிறகு, கிளினிக்குகளில் வைத்திருப்பார்களே, சிறுநீரக வடிவ எவர்சில்வர் தட்டு, அதில் அவனை வைத்தார். தட்டில் ஏற்கெனவே முப்பது நாற்பது பேர் கிடந்தார்கள்.

“இனிமே இவன் நிக்கமாட்டான். ஆள் வேணும்னா புதுசா ஒருத்தன செஞ்சிக்கலாம். இவன் கிடையாது.”

“ஏன்ணா, பொம்மைதானே?”

“பொம்மைன்னா மட்டும் எழுந்துக்கலாமா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே என்னிடம் பதில் எதிர்பார்த்த மாதிரி கேட்டார்.

வேலையிலும் அப்படித்தான். உடைந்த பல் செட்டை ஒட்டித் தரமாட்டார். முழுதாகப் புதிது செய்வார். வார்ப்பு பிசகினால் அதை உருக்கி மறுபடி ஊற்றமாட்டார். அவரோடு வேலை செய்வது சுலபமில்லை. ஒரு தடவை நான் நிறம் மாற்றிப் போட்டுவிட்டு, “ஸாரிண்ணா, மேல லேசா ஒரு பூச்சு பூசிடறேன்” என்றேன். வாங்கிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டுவிட்டார். அன்று பஸ்ஸில் நான் அவரோடு பேசவில்லை. சந்திரகிரி தாண்டியதும் வேர்க்கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். அதுதான் அவருடைய மன்னிப்பு. அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

அவர் மனைவி விழுந்த கதையை எனக்குச் சொன்னது அவரில்லை, லேபில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் வேலைக்குச் சேர ஒரு வருஷம் முன்பு நடந்தது. திருப்பதியில் ஒரு கல்யாணம். இவர் காலையிலேயே வேலைக்கு வந்துவிட்டார், மதியம் நேராக மண்டபத்துக்குப் போய்க்கொள்வதாக ஏற்பாடு. மனைவியை இவர் தம்பி பைக்கில் கூட்டிவந்தார். வழியில் ஒரு வளைவு, புதிதாகப் போட்ட வேகத்தடை, வெள்ளைக்கோடு இன்னும் அடிக்கவில்லை. வண்டி எகிறியது. பின்னால் இருந்தவர் விழுந்துவிட்டார். தம்பிக்கு அது தெரியவில்லை. அண்ணி பின்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அரை கிலோமீட்டர் தூரம் பேசிக்கொண்டே போயிருக்கிறார்.

தம்பி குடிக்கவில்லை, வேகமாகவும் போகவில்லை. இதெல்லாம் இவருக்கும் தெரியும். ஆனால் அந்த அரை கிலோமீட்டரை இவரால் தாண்ட முடியவில்லை. காரியம் முடிந்த அன்று, “இனிமே நீ எனக்கு இல்லடா” என்று சொல்லிவிட்டார். தம்பி பாலசமுத்திரத்தில் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். அதற்கு முன்னால் இந்த ஆட்டம் அண்ணன் தம்பி ஆட்டம்தான். நான் நடத்திய மைசூர்ப் படை தம்பி சேர்த்த படை. செத்தவர்கள் எழுந்திருக்கக் கூடாது என்கிற சட்டமும் அந்தக் காரியத்துக்குப் பிறகு வந்ததுதான். நான் வருகிற வரைக்கும் இரண்டு பக்கமும் அவரே ஆடியிருக்கிறார்.

அந்த வளைவை எங்கள் பஸ் தினமும் தாண்டும். அவர் ஏன் ஜன்னலோரம் உட்காரமாட்டார் என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. ஒரு சனிக்கிழமை திரும்பி வரும்போது, அந்த இடத்தில் திடீரென்று எழுந்து கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னார். நானும் இறங்கினேன். சாலையோரம் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவின் மூடியால் மண்ணை வழித்து டப்பாவில் போட்டார்.

“தட்டுக்கு மண்ணு தீந்துபோச்சும்மா” என்றார்.

தட்டில் கிடந்தவர்கள் எல்லோர் மேலும் தூவியிருந்தது அந்த வளைவின் மண். நிற்கிறவர்களுக்கு நீவா ஆற்று மணல், விழுந்தவர்களுக்கு இந்த மண். இத்தனை நாள் அதைத்தான் நான் வடிகட்டியில் சலித்துக்கொண்டிருந்தேன். இந்த ஆளோடு இனி ஆடவே கூடாது என்று நினைத்தேன். திங்கட்கிழமை மதியம் ஆடினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு எதிர்ப்பக்கம் உட்கார வேறு யாரும் இல்லை என்பது மட்டும் தெரியும்.

தூசிதான் அவர் நெஞ்சைத் தின்றது. உலோகம் தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள் என்றால், “போட்டா கண்ணாடி மங்குதும்மா, இன்னா தெரியும்?” என்பார். முப்பது வருஷத்துத் தூள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. படி ஏறினால் இளைத்தது, பிறகு பேசினால் இளைத்தது. ஒரு வருஷத்துக்குள் பாதி ஆளாகிவிட்டார். டாக்டர் பெரிதாக நம்பிக்கை கொடுக்கவில்லை. முதலாளி, வேலை வேண்டாம், வர முடிகிற நாள் வந்து உட்காருங்கள் என்று சொல்லியிருந்தார். மதியத்துக்கு வருவார், ஒரு சுற்று ஆடுவார், போவார்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி லேப் வாசலுக்கு வந்தார். அண்ணனைப் போலவே முகம், வெயிலில் கறுத்த முகம். உள்ளே வரவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்.

“அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னாங்கமா. வூட்டுக்குப் போனா கதவத் தெறக்கமாட்டாரு. ஒரு தபா பாத்துட்டுப் போயிடறேன். நீங்க சொன்னா கேப்பாரு.”

“நான் சொல்லி அவர் எதைக் கேட்டிருக்கார்?” என்றேன். ஆனாலும் சொன்னேன். அன்று சொன்னேன், அடுத்த வாரம் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், ஆட்டத்தின் நடுவில் சொன்னேன். ஒரு நாள் பொறுக்காமல் கத்தியே விட்டேன். “உங்க தம்பி வேணும்னேவா தள்ளிவிட்டார்? சாகறதுக்குள்ள ஒருவாட்டி பாத்தா உங்க சட்டம் கெட்டுப்போயிடுமா?”

சாவு என்கிற வார்த்தையை அவர் முன்னால் யாரும் சொன்னதில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, “அவன் வுழுந்துட்டான்மா. தட்டுல கீறான்” என்றார்.

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் பேச்சுக்கு எதையும் சொல்லாதவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படி நினைத்தேன்.

ஒரு பதினைந்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை. அவர் மதியம் வந்து என்னிடம்கூடச் சொல்லாமல் பின்கட்டுக்குப் போய்விட்டு, டாக்டரைப் பார்க்கப் போய்விட்டார். சாயங்காலம் கிளம்புவதற்கு முன் மேஜையைப் பார்த்தேன். என் படையில் வாணக்காரர்கள் மூன்று பேர் மிச்சம். மூங்கிலில் கட்டிய ராக்கெட் வாணத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள். அன்று நான்கு பேர் நின்றார்கள்.

நான்காவது ஆளை எனக்குத் தெரியும். என் கையால் தீட்டியவன் இல்லை, தடித்த பழைய வர்ணம், வாணத்துக்கு விளக்குமாற்றுக் குச்சி. தட்டில் எல்லோருக்கும் அடியில் கிடந்தவன். இப்போது கழுவித் துடைத்த முகத்தோடு, புது அடித்தட்டில், ஆற்று மணலின் மேல், என் படை வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாத்திரை மயக்கத்தில் தப்பு செய்துவிட்டார் என்று நினைத்தேன். ஆறு வருஷத்தில் ஒரு தடவை பிசகாத மனுஷன், செத்தவனை எடுத்து நிற்கவைத்துவிட்டார், அதுகூடத் தெரியாமல் போய்விட்டார். நாளைக்கு வந்து பார்த்தால் தன் புத்தியும் போய்விட்டதென்று எவ்வளவு நொந்துபோவார்? போதாக்குறைக்கு, அதிகமாக நின்றது என் படை ஆள். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் நான் ஏமாற்றுக்காரி.

கட்டரை எடுத்துக் கணுக்காலில் வைத்தேன். நறுக்கென்று வெட்டுப்படவில்லை, கம்பி இடறியது. உற்றுப் பார்த்தேன். இரண்டு காலிலும் துளை போட்டு, பல்லுக்குள் இறக்குகிற பித்தளைக் கம்பியைச் செருகி, ஒட்டுத் தெரியாமல் தேய்த்து நிறுத்தியிருந்தார். வீட்டுக்கு எடுத்துப்போய், இளைக்கிற மூச்சோடு அதைச் செய்ய ஒரு நாள் பிடித்திருக்கும். மயக்கத்தில் யாரும் அப்படி ஒரு வேலை செய்யமாட்டார்கள். அங்கேயாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் யோசிக்கவும் செய்தேன். பிறகு கட்டரை இரண்டு கையாலும் அழுத்தினேன். படுக்கவைத்து, பசை தடவி, வளைவின் மண்ணைச் சலித்துத் தூவி, தட்டில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

மறுநாள் மதியம் அவர் வந்தார். மேஜையைப் பார்த்தார். குனிந்து மேஜைக்கு அடியிலும் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார்.

“யாருமா எடுத்தது?”

“நான்தான்ணா. நீங்க மறந்து நிக்கவெச்சிட்டீங்க போல. நானே சரி பண்ணிட்டேன்.”

அவனை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கட்டைவிரலால் கணுக்காலைத் தடவினார்.

“கம்பி இருந்துச்சே.”

“இருந்துது. அதையும் சேத்து வெட்டிட்டேன்.”

மூச்சுதான் கரகரவென்று கேட்டது. அப்புறம், “நல்லா பண்ணிக்கீற. மண்ணுகூட அந்த மண்ணே போட்டுக்கீற” என்றார்.

“நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே?”

“ஆமா. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.” அவனைத் தட்டில் திருப்பி வைத்தார். “வுழுந்தது வுழுந்ததுதான்.”

செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் யாரிடமோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்து, என்னோடு அன்றைய சுற்றை ஆடினார். ஆறு வருஷத்தில் அவர் என் வேலையை நன்றாக இருக்கிறதென்று சொன்னது அன்று ஒரு நாள்தான். சாயங்காலம் வரைக்கும் எனக்கு மனசு நிறைந்திருந்தது. வீட்டில் வந்து என் கணவரிடம்கூடச் சொன்னேன்.

மூன்றாவது வாரம் அவர் இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, படைகளை எடுத்துப்போகச் சொல்லி முதலாளி தம்பிக்குச் சொல்லி அனுப்பினார். தம்பி மாம்பழம் அடுக்குகிற அட்டைப்பெட்டிகளும் வைக்கோலும் கொண்டுவந்திருந்தார். நான் நிற்கிறவர்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அவர் தட்டின் பக்கம் போனார். ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒருவனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“இவன் நான் செஞ்சவன்மா. மொதமொதல்ல என் கையால செஞ்ச ஆளு. எங்க நைனா வூட்டு வெளக்குமாத்த ஒடிச்சி வாணம் பண்ணேன். ஆட்டத்துல இவன்தான் நான்னு அண்ணன் சொல்லிக்கினே இருப்பாரு. அண்ணி காரியத்தன்னிக்கு, என் கண்ணெதிர இவன வெட்டிப் படுக்க வெச்சாரு.”

என் கையிலிருந்த காகிதம் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

“கடைசியா ஒரு ஞாயித்துக்கிழம போன் பண்ணாரு. ஏழு வருசத்துல மொத தபா. ‘புதங்கெழம மத்தியானம் லேபுக்கு வா, உன் வாணக்காரன நிக்க வெச்சிருக்கேன், ஒரு ஆட்டம் ஆடலாம்’னாரு. நான் புதுச் சட்டகூட வாங்கிட்டேன்மா. செவ்வாக்கெழம திரும்பப் பண்ணாரு. ‘வராதடா, அவன் வுழுந்துட்டான்’னாரு. வெச்சிட்டாரு. அப்புறம் எடுக்கவேயில்ல.”

வாணக்காரனைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துக் காலைப் பார்த்தார். அவருக்கும் இந்த வேலை தெரியுமே. வெட்டிய கணுக்காலில் இரண்டு பொட்டாகப் பித்தளை மின்னியது.

“கம்பி போட்டிருக்காரு” என்றார். “நெஜமாவே நிக்க வெச்சிருக்காரு பாருங்க. அப்புறம் மனசு ஒப்பல. மறுபடி வெட்டிட்டாரு. நீங்க கூடவே இருந்தீங்களே, பாத்தீங்களாமா?”

வாயைத் திறந்தேன். நான் வெட்டினேன் என்று இரண்டு வார்த்தை. ஆறு வருஷம் அவரோடு வாய்க்கு வாய் சண்டை போட்ட வாய் இது. அன்றைக்கு அது எனக்கு உதவவில்லை.

“பாக்கல” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டினார். வாணக்காரனை மட்டும் பெட்டியில் போடவில்லை. கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

“நான் வூட்ல போயி இவன நிக்க வெச்சா தப்பாமா? ரெண்டு கம்பி போட்டா போதும்.”

சொல்வதற்கு இன்னொரு தடவை இடம் கிடைத்தது. நான் நின்றேன். அவரே பதிலையும் சொல்லிக்கொண்டார்.

“வேணாம். அண்ணன் படுக்க வெச்சது. அப்படியே இருக்கட்டும்.”

படுக்க வைத்தது நான்.